வெந்த காற்று

கோழியின் வயிற்றுக்குள் கையை விட்டுக் குடலை வழித்தபோது கூடவே கொத்தாக மஞ்சள் கருக்களும் வந்தன. ஓடு கட்டாத முட்டைகள். நெல்லிக்காய் அளவில் ஒன்று, சுண்டைக்காய் அளவில் சில, பிறகு கடுகு கடுகாக எத்தனையோ. நாளைக்கு இட வேண்டியது, நாளன்றைக்கு இட வேண்டியது என்று வரிசையில் காத்திருந்தவை. தமயந்திக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பி, மூச்சை அடக்கி, கை மட்டும் வேலையைச் செய்யட்டும் என்று விட்டாள். கை செய்தது. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. மனசு வேண்டாம் வேண்டாம் என்கிறபோதே கை அது பாட்டுக்குப் பித்தப்பையை உடையாமல் கிள்ளி எறிகிறது, இரைப்பையைக் கீறி உள்தோலை உரிக்கிறது, உள்ளே அரைபடாத கம்பும் மணலும். இத்தனை வருசம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்த வீட்டுக்காரி, கோழிக்கறியை மட்டும் வாயில் வைத்ததில்லை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் மாப்பிள்ளை வந்தால் நாட்டுக்கோழி அடிக்க வேண்டும், அடித்தாயிற்று. மாப்பிள்ளை யுகேந்திரன் ஷெட்டுக்குள் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார். டேப்பைக் கத்தியால் கிழிக்கிற சத்தம் பின்வாசல் வரைக்கும் வந்தது. சர்ரென்று ஒன்று, கொஞ்ச நேரம் சும்மா, மறுபடி சர்ரென்று ஒன்று. ஒவ்வொரு கிழிசலுக்கும் அவள் முதுகுத்தண்டு கூசியது. காலையில் வேனிலிருந்து இறங்கியதும் அவர் செருப்பைக் கழற்றியபோது கால் விரல்களைப் பார்த்துவிட்டாள். கட்டைவிரல் மேல் முடி, நகத்துக்கடியில் அழுக்கு. பார்த்திருக்கக் கூடாது. பார்த்ததிலிருந்து அது கண்ணிலேயே நிற்கிறது. கல்யாணத்தில் இந்தக் காலைத்தான் தட்டில் வைத்துப் பாலூற்றிக் கழுவினார்கள். அப்போது ஏன் தெரியவில்லை? அப்போது அவர் கால் மாப்பிள்ளையின் கால். இப்போது அது அவள் ஷெட்டுக்குள் நடக்கிற கால்.

அவள் ஷெட். வீட்டுக்காரர் ரத்தினசாமி இருந்த வரைக்கும் அதை அவள் அப்படி நினைத்ததேயில்லை. அவர் செத்துப்போன ஆடிக்கப்புறம், கோழிகளையெல்லாம் லாரிக்காரனுக்குக் கொடுத்து, கூண்டுக்கடியில் குவிந்திருந்த எருவை அள்ளக் கொடுத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, சுண்ணாம்பு அடித்து, மறுபடியும் ஊற்றி, மறுபடியும் அடித்து, ஒரு நாள் உள்ளே போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் நாறவில்லை. அன்றைக்குத்தான் அது அவளுடையதானது. காலியாக, நீளமாக, காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிற வெறும் ஷெட். கூந்தலில் எச்ச நாற்றம் இல்லாமல் கோயிலுக்குப் போக முடிந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோகவில்லை. அந்த நாற்றம் பிடிக்காமல்தானே மகள் மோகனப்பிரியாவை டவுனில் கொடுத்தாள். பண்ணைக்காரன் யார் கேட்டு வந்தாலும் ஜாதகம் சேரவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். கம்ப்யூட்டர் வேலை, குளிர்சாதன ஆபீஸ், சுத்தமான கை. சுத்தமான கை என்றுதான் நினைத்தாள். போன மாசம் அந்தக் கை போனைப் பிடித்துக்கொண்டு பேசியது. மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்தாற்போலப் பேசினார்கள். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒருத்தர் விட்டதை ஒருத்தர் பிடித்து. "அத்தை, இது கணக்குப் போடற மெஷினுங்க. உலகம் பூராவும் இந்த மாதிரி மெஷினுங்க போட்டி போட்டுக் கணக்குப் போடுதுங்க. எதுக்கு முதல்ல விடை வருதோ அதுக்குக் காசு." கம்ப்யூட்டருக்குள்ளேயே பிறந்து கம்ப்யூட்டருக்குள்ளேயே செலவாகிற காசாம். கையில் பிடிக்க முடியாது, ஆனால் விற்கலாம். "என்ன கணக்குங்க மாப்ள?" என்று கேட்டாள். "ஒரு நம்பரை யூகிக்கறதுங்க அத்தை. தப்பா வந்தா அடுத்தது. தப்பா வந்தா அடுத்தது." "அந்த நம்பரு யாருக்கு ஆகுமுங்க?" என்றதற்கு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் அன்றிலிருந்து மென்றுகொண்டே இருக்கிறாள். பேச்சின் நடுவில் "லைன் சும்மாதானே கெடக்குது" என்றும் ஒரு வார்த்தை வந்தது. சும்மா. ஷெட் சும்மா கிடக்குது, லைன் சும்மா கிடக்குது. அவளும் சும்மா கிடக்கிறாள் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். மாப்பிள்ளை வாயிலிருந்து வந்ததைத் தட்ட முடியுமா? "அதுக்கென்னங்க மாப்ள, நம்ம ஷெட்டுதானே" என்று அவள் குரலே சொன்னது, தேன் தடவின மாதிரி. போனை வைத்த பிறகு அந்தக் குரலை நினைத்து உடம்பு கூசினாள்.

கறியை மஞ்சள் போட்டுப் பிசைந்து மூடி வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவி, மோர் கரைத்து எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். போக வேண்டாம் என்றுதான் இருந்தது. மோர் கொடுக்காமல் இருக்க முடியாது. வாசலில் மோகனப்பிரியா நின்றுகொண்டு போனில் யாரிடமோ இந்தியும் இங்கிலீசுமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்; மெஷின் விற்றவன் போலிருக்கிறது. பெங்களூர்ப் பக்கம் எவனோ இதே தொழில் செய்து மூடிவிட்டுத் தள்ளிவிட்ட பழைய மெஷின்கள். ஒன்றில் பாதி வேலை செய்யவில்லையாம். புருசனுக்காக இவள் சண்டை போடுகிறாள், பாவம், இந்த மனுசனுக்குச் சண்டை போடக்கூட ஆள் வேண்டியிருக்கிறது என்று தமயந்தி நினைத்தாள். உள்ளே அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பனியன் மேலேறி முதுகு தெரிந்தது, வியர்வையும் அவர் பீய்ச்சிக்கொள்கிற வாசனைத் தண்ணியும் கலந்து ஒரு நெடி. சுற்றிலும் அட்டையும் தெர்மாகோலும். மெஷின் என்றதும் பெரிதாக என்னவோ வரப்போகிறது என்று நினைத்திருந்தாள். செருப்புக்கடைப் பெட்டி அளவுதான் ஒவ்வொன்றும். சாம்பல் நிறத் தகரம், முன்னால் ஒரு காற்றாடி, பின்னால் ஒரு காற்றாடி, உள்ளே அடுக்கடுக்காகத் தகடுகள். தகடுகளுக்கு நடுவில் யார் வீட்டு அழுக்கோ கம்பளி மாதிரி அடைந்திருந்தது, அதில் நீளமாகத் தலைமுடி. எந்தப் பெண்பிள்ளையின் முடி? எந்த ஊரில் எந்த அறையில் சீவி விழுந்தது? அவர் பிரஷ்ஷால் அழுக்கை நோண்டிக்கொண்டே வந்து, "அட, இங்க பாருங்கத்தை" என்று ஒரு பல்லியை வாலைப் பிடித்து இழுத்தார். காய்ந்து, கருகி, அப்பளம் மாதிரி தட்டையாக. அதைப் பிடித்த விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு அடுத்த பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். தமயந்தி மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். அவர் கையில் கொடுக்க அவளால் ஆகவில்லை.

கோழிக் கூண்டுகளை எடைக்குப் போட மனசு வராமல் ஒரு வரிசையை மட்டும் விட்டுவைத்திருந்தாள். அதில்தான் மெஷின்களை ஏற்றினார்கள். கூண்டுக்கு ஒன்று. முன்னால் தீவனம் போட, பின்னால் எச்சம் விழ என்று கட்டின கூண்டு. இப்போது முன்னால் ஒயர், பின்னால் காற்று. ஓரத்தில் இன்னும் ஓரிரண்டு இறகு கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். சுண்ணாம்புக்கும் தப்பித்து எப்படி ஒட்டியிருந்தது என்று தெரியவில்லை. பிறகு அந்தக் கேபிளைப் பார்த்தாள். கறுப்பாக, நல்ல மொத்தமாக, ஷெட்டின் பின்பக்க வலைக்குள்ளிருந்து இறங்கி, வரப்போரமாக ஓடி, கோரைப்புல்லுக்குள் மறைந்து, போர்வெல் மோட்டார் ரூமில் போய் முடிந்தது. வீட்டு லைனிலிருந்து இல்லை. தோட்டத்து லைனிலிருந்து. விவசாயத்துக்கென்று அரசாங்கம் இலவசமாக விடுகிற கரண்டு. அதில் மோட்டார் ஓடலாம், வேறு எதுவும் ஓடக் கூடாது. மீட்டர்கூடக் கிடையாது. சும்மாதானே கெடக்குது. அதுதான் அந்தச் சும்மா! அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ரத்தினசாமி போன பிறகு இணைப்பை அவள் பேருக்கு மாற்ற, வாரிசுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு மின்வாரிய ஆபீஸ் பெஞ்சில் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறாள். ஆக, பிடித்தால் அவள் பேரைத்தான் பிடிப்பார்கள். ஜீப்பில் வருவார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வேலியோரம் நின்று பார்ப்பார்கள். அதைவிட, இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். ஒருத்தர் மோட்டார் போட்டாலே இன்னொருத்தர் வீட்டில் விளக்கு கண்ணைச் சிமிட்டும். "மாப்ள," என்றாள், தொண்டையைச் சரி செய்துகொண்டு, "இந்த லைன்ல எடுக்கறதுங்... தப்பில்லீங்களா?" அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் மோகனாவைப் பார்த்தார். பிறகு ஸ்குரூடிரைவரைப் பார்த்தார். "கொஞ்ச நாளைக்குத்தானுங்க அத்தை," என்று முனகினார். திருட்டு முழி. பெண்டாட்டிக்குத் தெரிந்துவிடப் போகிறதென்று பயந்து வாசலைப் பார்க்கிற முழி. என் பெண்ணுக்குத் தெரியாமல், என் பேரில், என் தோட்டத்தில்! அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது, துப்புவதற்கு. விழுங்கினாள். அது அவரையே விழுங்கின மாதிரி இருந்தது.

திரும்பி வந்து வெங்காயம் வதக்கும்போதுதான் அது கிளம்பியது. முதலில் ஒரு மெஷின், விசிலடிக்கிற மாதிரி மெலிசாக ஏறி, ஏறி, இனி ஏற முடியாது என்ற இடத்தில் நின்றுகொண்டது. பிறகு அடுத்தது அதோடு சேர்ந்தது. அப்புறம் எண்ண முடியவில்லை. ஆயிரம் கோழி கத்தினாலும் அதில் ஒரு ஏற்ற இறக்கம் இருக்கும். ஒன்று நிறுத்தும், ஒன்று தொடங்கும், தீவனம் கண்டால் ஒரு சத்தம், பாம்பு நுழைந்தால் ஒரு சத்தம். இதற்கு ஒன்றுமே இல்லை. ஒரே இழுப்பு. பல் டாக்டர் பல்லைக் குடைகிற ஊசியை உள்ளே விட்டுவிட்டு எடுக்கவே மறந்துபோனது மாதிரி. அலமாரியில் கவிழ்த்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கின. அவள் பல் நடுங்கியது. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு ஜன்னலை அடைத்தாள், சத்தம் சுவருக்குள்ளிருந்து வந்தது. திறந்தாள். திறந்ததும் காற்று முகத்தில் அடித்தது. சுடுகாற்று. ஷெட்டின் இந்தப் பக்க வலை வழியாக அத்தனை மெஷினின் பின்காற்றாடியும் ஊதித் தள்ளுகிற காற்று முற்றத்தைக் கடந்து சமையலறைக்குள் வந்தது, அதில் அந்த நாற்றம் இருந்தது. அவள் நம்பவில்லை. கையை முகர்ந்தாள். இல்லை, கையில் மஞ்சளும் கறியும். மறுபடி ஜன்னலில் முகத்தை வைத்தாள். அதேதான். எச்சம். மூக்கை அறுக்கிற காரம், அதற்கடியில் ஒரு புளிப்பு, அதற்கும் அடியில் செத்த கோழி. சுண்ணாம்புக்குக் கீழே, சிமெண்ட் விரிசலுக்குள்ளே, கூண்டுக் கம்பியின் துருவுக்குள்ளே இத்தனை நாள் அது படுத்திருந்திருக்கிறது, போகவேயில்லை, சூடு பட்டதும் எழுந்துவிட்டது. வேகவைத்தது மாதிரி. அவள் மூக்கைப் பொத்தினாள். பொத்தின விரலில் பச்சைக் கறி வாடை. விரலை எடுத்தால் எச்சம், வைத்தால் கறி. எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். ரத்தினசாமி கடைசி மாசங்களில் இருமிய இருமல் ஞாபகம் வந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி, தூசி, வருசக்கணக்கான தூசி என்றார். அவர் நெஞ்சுக்குள் இதேதான் படுத்திருந்திருக்கும். அவருக்கு நாறினதே இல்லை. "எனக்கு ஒண்ணும் தெரியலையே, உனக்குத்தான் மூக்கு நீளம்" என்பார். நாற்றம் தெரியாதவரைத்தான் அது கொண்டுபோயிற்று. நாற்றம் தெரிகிறவள் நிற்கிறாள், தாளித்துக்கொண்டு.

"தமயந்தீ! ஏய் தமயந்தி!" சத்தத்துக்கு மேலே ஒரு சத்தம். பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்தியக்கா, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, முட்டி வரைக்கும் சேறாக, வரப்பில் நின்றிருந்தாள். தமயந்தி கரண்டியோடு பின்வாசலுக்குப் போவதற்குள் மோகனப்பிரியா ஷெட்டிலிருந்து வெளியே வந்துவிட்டாள். "வாங்க பெரியம்மா, நல்லா இருக்கறீங்களா? எளைச்சுப் போயிட்டீங்களே." "இருக்கறன் கண்ணு. நீ எப்ப வந்தே? எங்க மோட்டாரு புடிக்க மாட்டேங்குது. ஸ்டார்ட்டர அமுத்துனா ம்ம்ம்னு மொனகிட்டு விழுந்துருது. வெங்காயம் ஊனி ரெண்டாந் தண்ணி உடோணும், வெயில் வேற இந்தக் காச்சு காச்சுது. உங்களுது ஓடுதா? என்ன அது சத்தம், ஷெட்டுக்குள்ள?" மகள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. முகம் மலர்ந்தது. சின்ன வயதில் மெடல் வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கும்போது மலருமே, அப்படி. "மறுபடியும் குஞ்சு உடலாம்னு இருக்கறமுங்க பெரியம்மா. அதுக்குக் காத்தாடி போட்டுப் பாக்கறோம், ஜெனரேட்டர்ல. எங்க மோட்டாரும் புடிக்கலைங்க, கரண்டு டவுனா இருக்குது. டிரான்ஸ்பார்மர்ல ஏதோ கோளாறாட்டம். இவரு லைன்மேனுக்குப் போன் பண்ணியிருக்கறாரு." பாப்பாத்தியக்கா தமயந்தி பக்கம் திரும்பினாள். "அப்பிடியா தமயந்தி?" கரண்டியிலிருந்து எண்ணெய் தமயந்தியின் காலில் சொட்டியது. "ஆமாங்கக்கா," என்றாள். "அட, சந்தோசம் போ. ரத்தினம் போனதுல இருந்து உன்ற ஷெட்டப் பாத்தாலே எனக்கு வெசனமா இருக்கும். நல்லா வரட்டும்." அவள் மனசாரச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சேற்றுக் காலை உதறிக்கொண்டு வரப்பிலேயே திரும்பி நடந்தாள். மகள் கையாட்டினாள். தமயந்தி கையாட்டவில்லை, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்த வாய் அப்படியே இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது, உள்ளே வந்து கண்ணாடியைத் தாண்டும்போது பார்த்தாள். ஆமாங்கக்கா. யார் கேட்டார்கள் அதை? பேசாமல் நின்றிருந்தால்கூடப் போதும். இல்லை, வாய் சொன்னது, கை பித்தப்பையைக் கிள்ளின மாதிரியே சுத்தமாக.

இதெல்லாம் அந்த ஆள் சொல்லிக் கொடுத்தது. ஜெனரேட்டர் என்று சொல், லைன்மேன் என்று சொல். வேனில் வரும்போதே பாடம் நடத்தியிருப்பான். மனசுக்குள் மரியாதை எப்போது கழன்று விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை, 'அவர்' போய் 'அவன்' ஆகியிருந்தது. என் பெண் பொய் பேசத் தெரியாதவள். ஐந்தாவது படிக்கையில் ஒரு பென்சில் திருட்டில் இவள் பேர் அடிபட்டபோது மூன்று நாள் சாப்பிடவில்லையே. அவளைப் போய் இப்படி ஆக்கிவிட்டானே. குழம்பு கொதித்தது. உப்பு போட்டாளா என்று ஞாபகமில்லை. ருசி பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை, மூக்கால்தான் பார்ப்பாள், இன்றைக்கு மூக்கும் போய்விட்டது. அப்போது வாசற்படியில் நிழல் விழுந்தது. அவன்தான். உள்ளே வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணிங்க அத்தை" என்றான். சொம்பை நீட்டினாள். அண்ணாந்து குடிக்கிறபோது கழுத்து மேலும் கீழும் போனதைப் பார்க்காமலிருக்கச் சுவரைப் பார்த்தாள். குடித்து முடித்தும் அவன் போகவில்லை. "எம்மேல கோவமா இருக்கறீங்கன்னு தெரியுதுங்க." அவள் குழம்பைக் கிளறினாள். "நான் வேண்டாம்னுதானுங்க சொன்னேன். ரெண்டே ரெண்டு மெஷின் வாங்கி எங்க ஊட்டு லைன்ல வெச்சுப் பாக்கலாம்னேன், பில்லு எவ்வளவு வருதுன்னு. மோகனாதான் கேக்கல. மெஷின் தேடுனது, அந்தப் பெங்களூர்க்காரனப் புடிச்சது, எல்லாமே அவதானுங்க. அம்மாகிட்ட இலவச லைன் சும்மாதானே கெடக்குது, நீங்க கேட்டா மறுக்க மாட்டாங்க, நீங்களே பேசுங்கன்னு போனை என் கையில குடுத்தா." சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். விரல் நுனி கொப்புளித்திருந்தது, எங்கேயோ சூட்டில் வைத்திருக்கிறான். கண் ஓரம் ஈரம். "எனக்கு இந்தச் சத்தமே ஆகலைங்க அத்தை. தலை வலிக்குது. நான் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லிராதீங்க." சொல்லிவிட்டு, சொம்பை மெதுவாகப் படியில் வைத்துவிட்டுப் போனான்.

முதலில் அவளுக்கு வந்ததும் அருவருப்புதான். பெண்டாட்டியை மாட்டிவிடுகிற ஆம்பிளை. பிறகு அந்த அருவருப்புக்குக் காலூன்ற இடம் இல்லாமல் போயிற்று. காலையிலிருந்து அதை அவன் மேல் ஏற்றி ஏற்றி வைத்திருந்தாள், கால் விரல், முதுகு, எச்சில் விரல், கழுத்து என்று. இப்போது அவன் அதிலிருந்து இறங்கி நடந்து போய்விட்டான், சாதாரணமாக, தலைவலியோடு. லைன் சும்மாதானே கெடக்குது. அந்தக் குரலை மறுபடி கேட்டுப் பார்த்தாள். ஸ்பீக்கர் போனில், இரண்டு குரலுக்கு நடுவில். கெடக்குது. 'து'வைக் கொஞ்சம் தூக்கிச் சொல்வது மோகனா. பிறந்ததிலிருந்து கேட்கிற குரல். அன்றைக்கே தெரிந்திருக்கிறது, தெரியாத மாதிரி வேறொருவன் வாயில் வைத்துவிட்டாள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது, வேண்டாமென்றாலும். பள்ளிக்கூடம் போகுமுன் அப்பாவோடு ஷெட்டுக்குள் போகும் மோகனா. செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, பூக்கூடையை ஆட்டுவது போல ஆட்டிக்கொண்டு வரும் மோகனா. முட்டை குறைவாக இடுகிற கூண்டுக்குச் சாக்பீஸால் குறி போட்டு, "இதெல்லாம் லாரிக்குப்பா" என்று கை தட்டிய மோகனா. அவள் ஒரு நாளும் மூக்கைப் பிடித்ததில்லை. நாற்றம் பிடிக்காதவள் அம்மா. அந்த நாற்றத்திலிருந்து பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று பண்ணைக்காரர்களையெல்லாம் திருப்பி அனுப்பினாளே, யாரைக் காப்பாற்றினாள்? யாரிடமிருந்து? அவளைக் கட்டிக்கொண்டவன் இப்போது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தன் வயிற்றில் பிறந்த பெண்ணை நினைத்துத் தனக்கு உடம்பு கூசுகிறது என்பது அவளுக்குப் புரிந்தபோது, அடுப்பை அணைத்துவிட்டுச் சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டாள். மேடையும் நடுங்கியது. ஒரே இழுப்பு, நிற்காத இழுப்பு. தப்பா வந்தா அடுத்தது. தப்பா வந்தா அடுத்தது.

செருப்புப் போட்டுக்கொண்டாளா இல்லையா என்று தெரியவில்லை, வரப்பு சுட்டது, அதனால் போடவில்லை என்று தெரிந்தது. கோரைப்புல்லுக்குள் அந்தக் கேபிள் வெயிலில் பளபளத்துக்கொண்டு அவள் கூடவே வந்தது. அதை மிதித்துவிடக் கூடாதென்று ஓரமாக நடந்தாள். மோட்டார் ரூம் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மெயின் சுவிட்சின் பெட்டி அனலாகக் கொதித்தது. பக்கவாட்டில் இரும்புப் பிடி. ரத்தினசாமி இருந்த வரைக்கும் அவள் இதைத் தொட்டதில்லை, பயம். இப்போதும் பயமாகத்தான் இருந்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு பிடித்துக் கீழே இழுத்தாள். டக்கென்று விழுந்தது. சத்தம் உடனே நிற்கவில்லை. உச்சியிலிருந்து மெலிந்து, சரிந்து, முனகி, காற்றாடிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, பிறகு ஒன்றுமில்லை. எங்கேயோ ஒரு தவிட்டுக்குருவி கத்தியது. அது காலையிலிருந்தே கத்திக்கொண்டிருந்ததோ என்னவோ.

மோகனப்பிரியா வேகமாக வந்தாள். ஓடவில்லை, வேகமாக நடந்தாள். "ஏம்மா, ஃபியூஸ் போயிருச்சா?" "இல்ல. நான்தான் எறக்குனேன்." மகள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். காலைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள். கரண்டியைக் கையிலேயே எடுத்து வந்திருப்பதைத் தமயந்தி அப்போதுதான் கவனித்தாள். "சரி, ஏத்து." "மாட்டேன்." "அம்மா, இப்பத்தான் எல்லாம் கனெக்ட் ஆகி வேலை செய்ய ஆரம்பிச்சுது. நடுவுல நிறுத்தக் கூடாது. கைய எடு." "எம் பேர்ல இருக்கற லைன் இது மோகனா." "தெரியும்." அந்தத் தெரியும் எவ்வளவு சாதாரணமாக வந்தது! கோபம்கூட இல்லை. தமயந்தி பிடியிலிருந்து கையை எடுக்காமல் மகளின் முகத்தைப் பார்த்தாள். வியர்வையில் மயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. கன்னத்தில் கறுப்புத் தூசி, யார் வீட்டுத் தூசியோ. துடைத்துவிட வேண்டும் என்று கை எழுந்தது, மனசு வேண்டாம் என்றது. இந்தத் தரம் கை மனசுக்குக் கட்டுப்பட்டது. "உன்ற புருசனுக்கு இதுல இஷ்டமில்ல," என்று சொல்ல வாயெடுத்து, அவன் கேட்டுக்கொண்டது ஞாபகம் வந்து விழுங்கினாள். "பாப்பாத்தியக்கா வெங்காயம் காயுது," என்று மட்டும் சொன்னாள்.

மகள் ஏதோ சொல்லப் போனாள். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் பாப்பாத்தியக்காவின் மோட்டார் பிடித்தது. முதலில் ஒரு உறுமல், பிறகு சீரான ஓட்டம், பிறகு தண்ணீர் தொட்டியில் பொத்தென்று விழுகிற சத்தம். "வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு!" என்று பாப்பாத்தியக்கா யாரிடமோ கத்தினாள். இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகளின் முகம் மெல்ல இளகுவதைத் தமயந்தி பார்த்தாள். நெற்றிச் சுருக்கம் போயிற்று. கண் கொஞ்சம் கீழே இறங்கியது. உதடு லேசாகப் பிரிந்தது. எனக்குத் தெரியும், என் பிள்ளை, எத்தனை இருந்தாலும் என் பிள்ளை என்று அவள் நினைத்தாள். பிடியில் இருந்த கை தானாகவே தளர்ந்தது.

மோகனப்பிரியா அவள் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், ரொம்பப் பிரியமாகக் கேட்டாள்:

"ராத்திரில அவங்க மோட்டார் போடறதில்லதானேம்மா?"

தமயந்தி பிடியை மறுபடி இறுக்கிக்கொண்டாள்.